தெருமுனையில் நின்ற பங்குதாரர்கள்

முப்பத்திரண்டாம் வயதில் நான் ஒரு மலையில் வேலை செய்த கூலிக்காரர்கள் அத்தனை பேரையும் முதலாளிகளாக்கினேன். அவர்கள் தங்களுடைய கம்பெனி ஆபீசுக்குள் கால் வைக்க முடியாது என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. வெளியூர்க்காரன், விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அந்த ஆபீஸ் இருந்த தெருவில்தான் பிறந்தேன். அங்கேதான் எனக்குப் பூணூல் போட்டார்கள். எந்த ஜாதி தெருவுக்குள் வரலாம், எந்த ஜாதி தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது அட்சராப்பியாசத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். இவ்வளவு நன்றாகத் தெரிந்த விஷயத்தை மறக்க நிறையப் படித்திருக்க வேண்டும். நான் படித்திருந்தேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெரு இருந்த ஸ்ரீவராகத்தில் பதினோரு பேர் சேர்ந்து பொன்முடிச் சரிவில் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம் வாங்கியிருந்தோம். சீமைக்குத் திரும்புகிற அவசரத்தில் ஒரு துரை விற்றது. பதினோரு பேரில் நாலு பேர் வக்கீல்கள், மூன்று பேர் பென்ஷன் வாங்குகிறவர்கள், மற்றவர்கள் இவர்களுக்கு மாப்பிள்ளையாகவோ மைத்துனனாகவோ வாய்த்தவர்கள். நான் கடைசி ரகம். என் அக்காவின் புருஷர்தான் சேர்மன். அத்திம்பேர் வீட்டுக் கூடம்தான் கம்பெனியின் ரிஜிஸ்தர் செய்த ஆபீஸ். சுவரில் லட்சுமி படத்துக்குக் கீழே பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. எங்களில் தேயிலைச் செடியைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். தேயிலை குடிக்கிறவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் காப்பி.

நான் காரியதரிசி. வக்கீல் பரீட்சையில் இரண்டு முறை தவறியவனுக்கு வேறென்ன கொடுப்பார்கள். கிடைத்த நேரமெல்லாம் புஸ்தகசாலையில் உட்கார்ந்து, தொழிலாளிகளுக்கும் பங்கு கொடுத்துக் கம்பெனி நடத்தினால் உலகம் எப்படி மாறிவிடும் என்று இங்கிலீஷில் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற சுபாவம் இல்லை. குளிக்கப் போகிற இடத்தில்கூட இதைப் பேசுவேன். குளத்தங்கரையில் என்னைக் கண்டதும் இரண்டு முழுக்கை ஒரு முழுக்காகக் குறைத்துக்கொண்டு கரையேறிய பெரியவர்கள் உண்டு.

தேயிலை விலை விழுந்தது. தோட்டத்தில் கூலி நின்றது. அப்போதுதான் டைரக்டர்கள் கூட்டத்தில் எழுந்து, நிலுவைக் கூலிக்குப் பதிலாகத் தொழிலாளிகளுக்குப் பங்கு கொடுத்துவிடலாம் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அத்திம்பேர் உடனே சம்மதித்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கையிலிருந்து தம்பிடி கொடுக்காமல் கடன் தீருகிறது என்றால் யார் மறுப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. என் பேச்சின் வலிமை என்றே எடுத்துக்கொண்டேன்.

புது விதிகளையும் நானே எழுதினேன். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு கைதான். கையைத் தூக்கித்தான் ஓட்டு. நேரில் வந்தால்தான் ஓட்டு. இல்லாவிட்டால் கங்காணி எல்லார் கைநாட்டையும் ஒரே காகிதத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். கூட்டம் ரிஜிஸ்தர் செய்த ஆபீசில்தான் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் டைரக்டர்கள் யாருக்கும் தெரியாமல் குற்றாலத்தில் போய்க் கூட்டம் போட்டுவிடுவார்கள். ஏழைகளுக்கு எதிராக என்னென்ன சூது நடக்கும் என்று ராப்பகலாக யோசித்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். கடைசியில் காற்றுப் போகக்கூட இடமில்லாமல் போயிற்று.

பங்குப் பத்திரங்களை மலைக்கு நானே கொண்டுபோனேன். விதுரை வரைக்கும் பஸ், அதற்குமேல் மாட்டு வண்டி, அதற்குமேல் என் கால்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் ஒரு தேயிலைப் பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டு, இன்றிலிருந்து இந்தத் தோட்டம் உங்களுடையதும்தான் என்றேன். முப்பத்தாறு பேர், முக்கால்வாசி திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். ஓட்டுப் போடுவது எப்படி என்று கையைத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். குழந்தைகளும் தூக்கின. நான் மறுபடி தூக்கினேன், மறுபடி தூக்கினார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் நின்றாள். நாற்பது வயதிருக்கும். கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் தோட்டத்து ஆலையில் தேயிலைத் தூள் சலிக்கிற இடத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்து, தூள் நெஞ்சில் அடைத்து, இப்போது கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் அவர்களுக்கென்று இருந்த ஒற்றை அறையில் சுவரோரமாகச் சாய்ந்தபடியே நாளைக் கழித்துக்கொண்டிருந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும். மலையை விட்டு இறங்குகிற பாதையில் அவனைக் கொண்டுபோக முடியாது. இறங்கினாலும் போய்ச் சேர ஒரு வீடு கிடையாது. அந்த அறை ஒன்றுதான் இருந்தது.

அவள் பத்திரத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இந்தக் காயிதம் கையில இருந்தா எங்கள இங்கேருந்து எறக்கிவிட முடியாதுல்லா, சாமி?"

"முடியாது" என்றேன்.

என் ஆயுளில் நான் செய்த பிரசங்கங்களில் அதுதான் மிகச் சிறியது. அவள் நம்பியதும் அதைத்தான்.

எட்டு மாதம் போயிற்று. மலையில் பெரிய தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி எங்கள் சரிவையும் கேட்டது. நல்ல விலை. ஆனால் தோட்டத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து லயத்தில் வைத்துக்கொள்வார்கள். டைரக்டர்கள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் களை வந்தது. விற்பதா வேண்டாமா என்பதைப் பொதுக்கூட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். எனக்குத் துளிக்கூடக் கவலையில்லை. இதற்காகத்தானே பங்கு கொடுத்தோம். முப்பத்தாறு பேருக்கும் முறைப்படி நோட்டீஸ் அனுப்பிவிட்டு, என் மனைவியிடம் போய், கூட்டத்தன்றைக்கு முப்பது பேருக்குப் பானகம் வேண்டும் என்றேன்.

அவள் உருளியில் பலாப்பழம் போட்டுச் சக்கை வரட்டி கிளறிக்கொண்டிருந்தாள். யார் வருகிறார்கள் என்றாள். சொன்னேன்.

"எந்த வழியா வருவா?"

விதுரையில் பஸ் கிடைக்கும், நெடுமங்காட்டில் மாற வேண்டியிருக்கும் என்று விவரமாக ஆரம்பித்தேன்.

"அது செரி. நான் அதைக் கேக்கலை. நம்ம தெருவுக்குள்ளே எந்த வழியா வருவா?"

திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள். கரண்டி உருளியில் சுற்றிக்கொண்டே இருந்தது. வக்கீல் பரீட்சைக்காரர்கள் இரண்டு முறையும் என்னைத் தவறச் செய்தது எவ்வளவு நியாயம் என்று அப்போது புரிந்தது.

அன்றைக்கு மத்தியானமே அத்திம்பேரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதுவது எனக்கு இன்னும் சுலபமாக இருக்கும்.

"நான் வரப்படாதுன்னு சொல்லலை, கேட்டியா" என்றார். "பேஷா வரட்டும். என் கூடத்துல ஜமக்காளம் விரிக்கறேன். தெரு சம்மதிக்குமோ? நாளைக்கு உன் பொண்ணுக்கு இந்தத் தெருவுல யாரு பிள்ளை குடுப்பா?"

கூட்டத்தை வேறிடத்துக்கு மாற்றலாமே என்றேன். எழுந்துபோய் நான் எழுதிய விதிகளைக் கொண்டுவந்து, கூட்டம் எங்கே நடக்க வேண்டும் என்று இருந்த பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார்.

அதற்கப்புறம் வந்த பத்து நாட்கள் நான் மனிதனாக இருக்கவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, எதிர்வரிசையில் இருந்த ஜவுளிக்கடைக்காரரிடம் மாடியைக் கேட்டேன். அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாய்கூடப் போட்டுத் தருகிறேன் என்றார். மாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. கம்பெனிகளை ரிஜிஸ்தர் செய்கிற ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகஸ்தர் விதிகளை ஒரு வரி விடாமல் படித்து, இவ்வளவு தெளிவாக யார் எழுதினது என்று கேட்டார். நான்தான் என்றேன். பாராட்டினார். விதியை மாற்றப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், பொதுக்கூட்டத்தை விதிப்படி அந்தத் தெருவிலேயேதான் கூட்ட வேண்டும் என்று சொல்லி, எனக்காக மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தார்.

விற்க வேண்டாம் என்று கேட்க டைரக்டர்களை வீடு வீடாகப் பார்த்தேன். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் திறந்து, பூஜையில் இருப்பதாக அவரே சொன்னார். பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் அந்தப் பெண்ணின் புருஷனைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கினார். மேல்வேஷ்டியால் துடைத்துக்கொண்டு, விற்காவிட்டால் தன் கடைசிப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்றார். அதற்கும் கொஞ்சம் அழுதார். நானும் அழுதேன். இருவருமாக நன்றாக அழுதுவிட்டு எழுந்தோம். அவர் ஓட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

மலையிலிருந்து ஒரு கார்டு வந்தது. யாரோ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். புறப்பட்டு வருகிறோம், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சாமி தெரிவிக்கவும் என்று இருந்தது. அந்தக் கார்டை நான் யாரிடமும் காட்டவில்லை.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. அவர்கள் தெருவுக்குள் வர முடியாது. ஆனால் சேர்மன் தெருவை விட்டு வெளியே வரலாமே. அவர்கள் தெருமுனையில் நிற்கட்டும். கூட்டத்தை விதிப்படி கூடத்தில் நடத்திவிட்டு, அத்திம்பேர் இறங்கி அறுபது அடி நடந்து வந்து, தூக்கிய கைகளை எண்ணிவிட்டுத் திரும்பட்டும். விதியில் சேர்மன் உட்கார்ந்துதான் எண்ண வேண்டும் என்று எழுத நல்ல வேளையாக மறந்திருந்தேன். அத்திம்பேர் மாட்டேன் என்றார். அக்காவிடம் போனேன். அக்கா என்ன சொன்னாளோ, இரண்டு நாள் அந்த வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் அத்திம்பேர் கூப்பிட்டனுப்பினார்.

"வரேன். கண்ணுக்குத் தெரியற கையை எண்ணுவேன். அதுக்கு மேலே ஒண்ணும் எங்கிட்ட எதிர்பார்க்காதே."

அது போதும் என்றேன்.

பத்தொன்பது பேர் வந்தார்கள். விடியுமுன் மலையிலிருந்து இறங்கி, பாதித் தூரம் நடந்து, மீதித் தூரம் ஒரு மர லாரியில் வந்திருந்தார்கள். தெருமுனையில் இருந்த விறகுக்கடை ஓரமாக நின்றார்கள். துணியெல்லாம் வெளுத்து உடுத்தியிருந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். புருஷனைப் பக்கத்து அறைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாமா என்று மட்டும் கேட்டாள். நான் எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது, என்னோடு இருபது. எதிர்ப்பக்கம் பத்து. இரண்டு முறை எண்ணினேன். இருபது இருபதாகவே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டபின் முதல் தடவையாகக் கணக்கு எனக்குச் சந்தோஷம் கொடுத்தது.

கூடத்தில் தீர்மானம் படிக்கப்பட்டது. பத்துப் பேர் விற்கலாம் என்று கை தூக்கினார்கள். பிறகு அத்திம்பேர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குடையை விரித்து, தெருவில் இறங்கி நடந்தார். பின்னால் மற்றவர்கள். இரண்டு பக்கமும் ஜன்னல்கள் நிறைந்திருந்தன. தேர் வருகிறபோதுகூட அந்தத் தெருவில் அவ்வளவு முகங்களை நான் பார்த்ததில்லை. விறகுக்கடைக்கு இருபதடி இப்பால் அத்திம்பேர் நின்று, கோர்ட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"தோட்டத்தை விக்கப்படாதுன்னு சொல்றவா எல்லாரும் கையைத் தூக்கலாம்."

நான் தூக்கினேன்.

அவர்கள் அத்தனை பேரும் கைகளை மார்போடு கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். பெண்கள் தலையைக் குனிந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அந்தத் தெருக்காரர் ஒருவர் எதிரில் வந்து நின்றால் கை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போயிற்று.

மலைமேல் செய்தோமே, அதுபோல, என்று கத்தினேன். தூக்கிய கையை ஆட்டிக்கூடக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தவர்கள் என் கையைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னல்களைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவனிடம் ஓடிப்போய், உங்கள் தோட்டமல்லவா போகிறது, ஏன் தூக்கவில்லை என்று கேட்டேன். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி பதில் சொன்னான்.

"எங்க அண்ணன் சின்ன வயசுல இந்த மாதிரி ஒரு தெருமுக்குல கையை நீட்டிப் பேசிட்டான், சாமி. மரத்துல கெட்டி வச்சாங்க. நீங்க சொல்லிக்குடுத்தது மலையில. இது இங்க."

அப்போதுதான் அந்தப் பெண் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். முதலில் தோள் மட்டத்துக்கு வந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு தலைக்குமேலே போயிற்று. ஜன்னல் ஒன்றிலிருந்து, யாரடா அது கை நீட்டறது என்று ஒரு குரல் வந்தது. அது பெண் என்பதுகூட அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. கை இறங்கவில்லை. அவள் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தாள், யாராவது தூக்குகிறார்களா என்று. பக்கத்தில் நின்ற கிழவியின் கை லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

அத்திம்பேர் காத்திருந்தார். அதை நான் சொல்லியாக வேண்டும். ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிக் குடிக்கிற நேரம் வெயிலில் நின்று காத்திருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் அவரே தோற்கத் தயார் என்பதுபோல் ஏதோ இருந்தது. அல்லது எனக்கு அப்படி வேண்டியிருந்தது.

"ஒண்ணு" என்றார். "உன்னோட சேர்த்து ரெண்டு."

குடையோடு திரும்பிப் போனார்.

தோட்டம் விற்றது. லயத்தைக் காலி செய்ய இரண்டு வாரத் தவணை. காலி செய்கிற அன்றைக்கு நான் மலைக்குப் போனேன். போய் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் புருஷனைக் கயிற்றுக் கட்டிலில் தலைப்பக்கம் மூட்டைகளை அண்டைகொடுத்துச் சாய்த்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் கட்டிலோடு கூடவே அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வளைவிலும் கட்டிலை இறக்கி, அவனுக்கு மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார்கள். நானும் ஒரு வளைவில் கை கொடுத்தேன். எனக்கு உயரம் போதாமல் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது, விட்டுவிடச் சொன்னார்கள். விதுரை வரைக்கும் அவனுக்கு உயிர் இருந்தது. வண்டிப்பேட்டையில் ஒரு மாட்டுக் கொட்டில் ஓரமாகக் கட்டிலை வைத்திருந்தபோது போய்விட்டான். அவள் அழுதாளா என்று கேட்பார்கள். நான் பார்க்கவில்லை. நான் வண்டிக்காரர்களிடம் ஏதோ ஏற்பாடு செய்வதுபோல் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பல வருஷம் நான் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி இதைப் பகவானுடைய அனுக்கிரகம் என்று நினைத்தாள். புஸ்தகசாலையில் நாவல் பக்கம் ஒதுங்கிவிட்டேன். ஒரு சிலேட்டில் எழுதி அழிக்கிற மாதிரி அந்த மத்தியானத்தை எத்தனையோ விதமாக மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறேன். நேரில் வர வேண்டாம் என்று எழுதியிருந்தால்? ஆபீசைப் பழவங்காடியில் வைத்திருந்தால்? ஓட்டுக்குக் கையைத் தூக்காமல் ஆளுக்கு ஒரு கொழுந்தைப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தால்? நான் ஒரு தேயிலைப் பெட்டிமேல் ஏறாமல் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பங்கு கொடுக்கிறவனுக்கு எதைக் கேட்கவும் தோன்றுவதில்லை. பெறுகிறவர்கள் கேட்டால்தான் உண்டு, அவர்கள் கேட்டார்கள், கார்டு போட்டு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார்கள்.

காலம் மாறியது. தெருக்கள் திறந்தன, கோயில் நடையும் எல்லாருக்கும் திறந்தது. ஸ்ரீவராகத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்றாகி, நாங்கள் எதற்காக ஜன்னலில் நின்றோம் என்பது எங்களுக்கே மறந்துபோயிற்று. அப்படி ஒரு நாள் காலையில் பழவங்காடியில் அவளைப் பார்த்தேன். பிள்ளையார் கோயிலுக்கு எதிரே சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்; சாமிக்குச் சுகந்தானா என்றாள்.

இத்தனை வருஷம் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் எனக்கு வாய்க்கு வந்துவிட்டது. குடையை மடக்கிக்கொண்டு அங்கேயே நின்று பேசினேன். நான் எழுதிய விதிகளைப் பற்றி, அவற்றில் நான் செய்த பிழையைப் பற்றி, முடியாது என்று நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றி, அவள் ஒருத்தி கை தூக்கியதைவிடப் பெரிய காரியத்தை நான் எந்தச் சரித்திரத்திலும் படித்ததில்லை என்பதைப் பற்றி. மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் முடிகிறவரை கேட்டாள். ஒரு கட்டு அரைக்கீரைமேல் தண்ணீர் தெளித்தாள்.

"செத்தத் தள்ளி நில்லுங்க, சாமி" என்றாள். "யாவாரத்துக்கு மறைக்கீங்க."